சக்கரத்தின் மேல் ஒரு வீடு: லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்

படுக்கைகள், சமையல் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, மின்சாரம் தர ஒரு சிறிய ஜெனரேட்டர். இவ்வளவையும் ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்து, முன்னால் ஒரு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி, குடும்பத்தோடு ஏறி அமர்ந்து ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மோட்டார் ஹோம்’. நாம் அதை ஓடும் வீடு எனலாம்.

வீடு ஓடுவதில் வியப்பில்லை. அது குடிக்கும் பெட்ரோல்தான் வியப்புக்குரியது. 1973-இல் பெரிய மோட்டார் ஹோம் ஒன்று ஒரு அமெரிக்க கேலன் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 7 மைல் ஓடியது. அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர், ஆகவே நம் கணக்கில் லிட்டருக்கு 3 கிலோமீட்டர். அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. கார்புரேட்டர் போய்க் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் பீய்ச்சி வந்தது, மூன்று கியர் ஆறு கியர் ஆயிற்று, டயர் மாறியது. இன்றும் பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார் ஹோம் கேலனுக்கு 7 முதல் 9 மைல்தான் ஓடுகிறது. அதே காலத்தில், 1975-இல் கேலனுக்கு 13 மைலாக இருந்த புதிய அமெரிக்கக் கார்கள், இலகு டிரக்குகள் ஆகியவற்றின் சராசரி 2023-இல் 27 மைலாகி இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

காருக்குப் பலித்த பொறியியல் வீட்டுக்கு ஏன் பலிக்கவில்லை? விடையில் ஒரு பகுதி இயற்பியலில் இருக்கிறது. மறு பகுதி மனிதர்களிடம் இருக்கிறது. வரலாற்றைப் பார்த்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

உருண்டை வடிவம் முதலில் வந்தது

மிச்சிகன் மாநிலத்தில் பிரௌன் சிட்டி என்ற சிற்றூரைச் சேர்ந்த ரே ஃபிராங்க் என்பவர் 1958-இல் தம் குடும்பம் பயணம் போவதற்காக ஒரு வண்டியைத் தாமே கட்டினார். ‘மோட்டார் ஹோம்’ என்ற பெயரும் அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றனர். 1960களின் தொடக்கத்தில் டாட்ஜ் நிறுவனத்தின் டிரக் சேஸிஸ் மீது அவர் வண்டிகளைக் கட்டி விற்கத் தொடங்கினார். 1960களின் நடுவில் கண்ணாடியிழையால் வார்த்த, மூலைகள் வழவழப்பாக வளைந்த உடலோடு அந்த வண்டி வெளிவந்தது. டிராவ்கோ என்ற பெயரில் பலர் அதை அறிவர். கண்ணாடியிழையை அச்சில் வார்ப்பதால் எந்த வளைவும் எளிதில் கிடைக்கும். ஆனால் அச்சு விலை உயர்ந்தது, வேலையும் மெதுவானது.

1966-இல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியிலிருந்து விண்ணபேகோ நிறுவனம் போட்டிக்கு வந்தது. அந்நிறுவனத்தை நடத்திய ஜான் ஹான்சன் கார் தொழிற்சாலை போல வரிசைமுறையில் மோட்டார் ஹோம் செய்ய முனைந்தார். போட்டியாளர்களின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கே விற்றார். இந்த மலிவுக்கு ஒரு முக்கியமான காரணம் அவர்கள் செய்த சுவர்ப் பலகை: வெளியே அலுமினியத் தகடு, நடுவே வெப்பம் கடத்தாத நுரைப் பொருள், உள்ளே மெல்லிய மரப்பலகை, மூன்றும் சேர்த்து ஒட்டப்பட்டவை. இலேசானது, உறுதியானது, வெயிலையும் குளிரையும் தடுப்பது. ஆனால் ஒட்டுப் பலகை தட்டையாகத்தான் வரும். தட்டையான பலகைகளை இணைத்தால் கிடைப்பது பெட்டி.

இவ்வாறு பெட்டி வென்றது. காற்றைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெட்ரோல் கேலனுக்கு 40 சென்ட்டுக்கும் குறைவு.

ஒரு சிறு கணக்கு

பெட்டி சாலையில் ஓடும்போது அதைத் தடுக்கும் விசைகள் முக்கியமாக இரண்டு. டயர் உருளும்போது நசுங்கி விரிவதால் ஏற்படும் உருளல் தடை ஒன்று; அது வண்டியின் எடையைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. மற்றது காற்றின் தடை. அது முன்பரப்பையும், வடிவத்தைக் குறிக்கும் இழுவைக் குணகத்தையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது.

எண்களை இட்டுப் பார்ப்போம். 1970களின் ஒரு பெட்டி வண்டியின் எடை 5,400 கிலோகிராம், முன்பரப்பு 6 சதுர மீட்டர், இழுவைக் குணகம் 0.65 என்று கொள்வோம். அக்காலத்து டயருக்கு உருளல் தடைக் குணகம் 0.015 என்று வைத்தால் உருளல் தடை ஏறத்தாழ 800 நியூட்டன். மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை 1,400 நியூட்டன். மொத்தம் 2,200. வேகத்தை மணிக்கு 70 மைலாக, 113 கிலோமீட்டராக உயர்த்தினால் காற்றின் தடை மட்டும் 2,300 நியூட்டனாகிவிடும், மொத்தம் 3,100.

விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. 88 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட 2.2 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குச் சேர்கிறது என்று கொண்டால் 6.4 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 2.9 கிலோமீட்டர். வண்டிக்காரர்கள் பெட்ரோல் பங்கில் கண்ட எண் நம் தாளிலும் வந்துவிட்டது. 113 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு லிட்டருக்கு 2.1 கிலோமீட்டர் என்கிறது.

இங்கே மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் ஒன்று உண்டு. காற்றை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் கனத்தைப் பொறுத்து உயரும் என்று பாடநூலில் படித்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் வேகமாகப் போனால் சீக்கிரம் சேர்ந்துவிடுகிறோம் அல்லவா? ஆகவே ஒரு கிலோமீட்டருக்கான செலவு கனத்தைப் பொறுத்ததன்று, வர்க்கத்தைப் பொறுத்தது. எஞ்சின் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டால் கனம். பெட்ரோல் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் வர்க்கம்.

எஞ்சின் பற்றியும் ஒரு சொல். சமதரையில் 88 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டியது 54 கிலோவாட், அதாவது 73 குதிரைத்திறன். ஆனால் அந்த வண்டிகளில் இருந்தவை 7 லிட்டருக்கு மேற்பட்ட வி-8 எஞ்சின்கள். அவற்றின் திறன் 200 குதிரைக்கு மேல். ஏன் இந்த ஆடம்பரம் என்று தோன்றும். நூற்றுக்கு ஆறு ஏற்றமுள்ள மலைச்சாலையில் 5,400 கிலோ வண்டியை ஏற்ற மேலும் 3,200 நியூட்டன் வேண்டும். அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகாமலிருக்க வேண்டுமானால் பெரிய எஞ்சின் தேவைதான். ஆனால் சமதரையில் அந்தப் பெரிய எஞ்சின் தன் ஆற்றலில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. பெட்ரோல் எஞ்சினில் திறனைக் குறைப்பதற்கு ஒரே வழி காற்று நுழையும் வாயிலைப் பாதி அடைப்பது. அடைத்த வாயில் வழியே காற்றை உறிஞ்சப் பிஸ்டன் வீணே பாடுபடுகிறது. டீசல் எஞ்சினில் இந்த அடைப்பு இல்லை. அது சிக்கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதாக்குறைக்கு, ஈயம் குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களிலிருந்து எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. அமுக்க விகிதம் 10-இலிருந்து 8.5 ஆனால், இலட்சிய ஆட்டோ சுழற்சியின் பயனுறுதிறன் 60 சதவீதத்திலிருந்து 57.5 சதவீதமாக இறங்கும். காற்று மாசைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. செய்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோல் செலவில் அதன் பங்கும் உண்டு.

குழாய் வறண்ட குளிர்காலம்

1973 அக்டோபரில் மேற்காசியப் போரைத் தொடர்ந்து அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசைகள் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்ரோல் விற்க வேண்டாம் என்று அதிபர் நிக்சன் 1973 நவம்பர் 25 அன்று கேட்டுக்கொண்டார். சில மாநிலங்களில் வண்டி எண் ஒற்றைப்படையானால் ஒரு நாள், இரட்டைப்படையானால் மறுநாள் என்று முறைவைத்துப் பெட்ரோல் ஊற்றினர். 1974 ஜனவரி 2 அன்று நாடெங்கும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்ற சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். நம் கணக்குப்படி 70-இலிருந்து 55-க்கு இறங்கினால் பெட்டி வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 29 சதவீத ஆற்றல் மிச்சம். பெரிய வண்டிகளுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு உதவக்கூடியது என்பதை இது காட்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் இல்லை என்றால் விடுமுறை வண்டியை யார் வாங்குவார்? மோட்டார் ஹோம் விற்பனை 1974-இல் சரிந்தது. பின்னர் மீண்டு, ஈரான் புரட்சியை ஒட்டி 1979-இல் எண்ணெய் விலை மறுபடி ஏறியபோது இன்னொரு முறை விழுந்தது.

இந்த நெருக்கடிக்குச் சற்று முன்னர்தான், இதற்கென்றே செய்தது போல் ஒரு வண்டி சாலைக்கு வந்திருந்தது. வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் 1972-இல் நடந்த ‘டிரான்ஸ்போ 72’ கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.எம்.சி. பிரிவு தன் மோட்டார் ஹோமைக் காட்டியது. 1973 மாடலாக அது விற்பனைக்கு வந்தது. மற்றவர்கள் டிரக் சேஸிஸை வாங்கி அதன் தலையில் வீட்டைக் கட்டினர். ஜி.எம்.சி. மட்டும் வண்டியையும் வீட்டையும் சேர்த்தே வரைந்தது. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ காரின் 7.5 லிட்டர் எஞ்சினையும் முன்சக்கர இயக்கத்தையும் எடுத்துக்கொண்டது. முன்சக்கரமே இழுப்பதால் பின்பக்கம் வரை நீளும் சுழல்தண்டு இல்லை. தண்டு இல்லாததால் தரையைத் தாழ்த்தலாம். தரை தாழ்ந்ததால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க இடம் விட்டும் கூரையைத் தாழ்த்தலாம். கூரை தாழ்ந்தால் முன்பரப்பு குறையும். ஒரு முடிவிலிருந்து அடுத்தது எப்படிப் பிறக்கிறது பாருங்கள். பொறியியலின் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. பின்புறம் பக்கத்துக்கு இரண்டு சிறு சக்கரங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, காற்றுப்பையின் மேல். உடல் அலுமினியமும் கண்ணாடியிழையும். மூக்கு சரிந்து, மூலைகள் வளைந்திருந்தன.

மீண்டும் கணக்கு. முன்பரப்பு 5.6 சதுர மீட்டர், இழுவைக் குணகம் 0.45 என்று கொண்டால் 88 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை 900 நியூட்டன்தான். மொத்தம் 1,700, லிட்டருக்கு 3.7 கிலோமீட்டர், கேலனுக்கு 9 மைல் அளவு. ஜி.எம்.சி. உரிமையாளர்கள் சொல்லும் எண்ணும் 8 முதல் 10 மைல்தான். எஞ்சின் சிறிதன்று, எடையும் அதிகம் குறையவில்லை. ஆதாயத்தின் பெரும்பகுதி வடிவத்தால் வந்தது.

இத்தனை இருந்தும் 1978-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆறு மாடல் ஆண்டுகளில் செய்யப்பட்டவை ஏறத்தாழ 13,000 வண்டிகள். ஒரு பெருநிறுவனத்துக்கு அது மிகச் சிறிய எண்ணிக்கை. விலையும் பெட்டி வண்டிகளைவிட அதிகம்.

பாலைவனத்தில் ஒரு செருப்புப் பெட்டி

இனி நாம் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், ஒலியை விஞ்சும் விமானங்களைச் சோதிக்கும் நாசாவின் ஆய்வு மையம் இருக்கிறது. இன்று அதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் பெயர். அங்கு வேலை பார்த்த எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும்போதெல்லாம் முதலில் காற்று அவரைச் சாலையோரத்துக்குத் தள்ளும்; லாரி கடந்ததும் உள்பக்கமாக இழுக்கும். சைக்கிள் ஓட்டும் யாருக்கும் இந்த அனுபவம் உண்டு. நாம் லாரிக்காரரைத் திட்டிவிட்டுப் போவோம். சால்ட்ஸ்மேன், அந்தத் தள்ளலுக்கும் இழுப்புக்கும் யார் பெட்ரோல் செலவழிக்கிறார் என்று யோசித்தார்.

மையத்தில் கிடந்த ஒரு பழைய ஃபோர்டு வேனை எடுத்தார்கள். அதன் மேல் சட்டம் கட்டி, அலுமினியத் தகடு போர்த்தி, எல்லா மூலைகளும் செங்கோணமாக இருக்கும் முழுப் பெட்டியாக்கினார்கள். அதற்குச் ‘செருப்புப் பெட்டி’ என்று பட்டப்பெயரும் விழுந்தது. பின்னர் ஒவ்வொரு மூலையாக வளைத்து, ஒவ்வொரு முறையும் தடையை அளந்தார்கள்.

எப்படி அளந்தார்கள் என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. காற்றுக் குகை எதுவும் வேண்டியிருக்கவில்லை. வண்டியை வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, வேகம் எப்படிக் குறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். எஞ்சின் இழுக்காதபோது வண்டியை நிறுத்துவது தடைவிசைகள் மட்டுமே. எதிர்முடுக்கத்தை நிறையால் பெருக்கினால் விசை; நியூட்டனின் இரண்டாம் விதி. நம் பெட்டி வண்டியின் 2,200 நியூட்டனை 5,400 கிலோவால் வகுத்தால் வினாடிக்கு வினாடி 0.4 மீட்டர். ஒவ்வொரு வினாடியும் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு வேகம் குறையும். ஒரு நிறுத்துக் கடிகாரமும் வேகமானியும் இருந்தால் தோராயமாக இதைக் காணலாம். காற்றின் தடை வேகத்தோடு மாறுவதாலும் உருளல் தடை பெரும்பாலும் மாறாததாலும், வெவ்வேறு வேகங்களில் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

முடிவு எளியது. நின்றவாக்கில் உள்ள மூலைகளை, முன்னும் பின்னும், வளைத்தபோதே காற்றின் தடை 40 சதவீதம் குறைந்தது. அதனால் உள்ளே இழந்த இடம் 1.3 சதவீதம். கிடைமட்ட மூலைகளையும் வளைத்தபோது தடை பாதிக்கும் கீழே இறங்கிற்று. இழந்த இடம் 3 சதவீதம். அடிப்பகுதியைத் தகடு போட்டு மூடிப் பின்பக்கத்தைப் படகின் பின்புறம் போலக் குறுக்கியபோது மேலும் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது.

ஒரு சிறிய வளைவு இவ்வளவு செய்வது எப்படி? பெட்டியின் தட்டை முகத்தில் மோதும் காற்று பக்கவாட்டில் திரும்பியாக வேண்டும். கூர்மையான மூலையில் அதனால் திரும்ப முடிவதில்லை. சுவரை விட்டு விலகிப் போகிறது. விலகிய காற்றுக்கும் சுவருக்கும் இடையே சுழல்கள் நிறைகின்றன. மூலையை வளைத்தால் காற்று சுவரைத் தழுவிக்கொண்டே திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது வளைவின் மேல் அழுத்தம் குறைந்து, முன்முகத்தின் தடையில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படுகிறது. காற்று விலகாமல் திரும்பும் அளவுக்கு வளைவு இருந்தால் போதும். அதற்கு மேல் வளைத்துப் பயன் சிறிது. கூர்மையான விமான மூக்கு வேண்டியதில்லை.

சாலையில் ஓடிய மோட்டார் ஹோம்கள் அந்தச் செருப்புப் பெட்டியைப் போல முழுக் கூர்மையானவை அல்ல. ஆகவே அவற்றுக்கு 40 சதவீதம் முழுவதும் கிடைக்காது. ஆயினும் விடை 1970களின் நடுவிலேயே அரசு அறிக்கையாக அச்சாகிவிட்டது. லாரிகள் அதை ஏற்றன. 1980களில் அமெரிக்க நெடுஞ்சாலை லாரிகளின் முகமே மாறியது: வளைந்த மூலைகள், கூரைமேல் காற்றை வழிநடத்தும் தகடுகள். மோட்டார் ஹோம்கள் மூக்கைக் கொஞ்சம் சாய்த்ததோடு சரி. பின்பக்கம் தட்டையாகவே நின்றது.

இதற்கு முட்டாள்தனம் காரணமன்று. நெடுந்தூர லாரி ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடும். விடுமுறை வண்டி ஐயாயிரம் மைல் ஓடினாலே அதிகம். பெட்டியை விட்டு வளைந்த வடிவத்துக்கு மாறினால் அந்த ஐயாயிரம் மைலில், நம் கணக்குப்படி, ஆண்டுக்கு 600 லிட்டர் மிச்சமாகும். அதற்காக அலமாரியின் மூலையை விட்டுக்கொடுக்க வாங்குபவர் தயாராயில்லை. காட்சிக் கூடத்தில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பவர் கட்டிலின் நீளத்தைப் பார்ப்பார். இழுவைக் குணகம் அங்கே கண்ணில் படாது.

வளர்ந்த எஞ்சின், வளர்ந்த வீடு

பிறகு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சில காலம் சிறிய வண்டிகள் வந்தன. விண்ணபேகோ 1983-இல் ரெனோவின் சிறிய டீசல் எஞ்சினோடு லெஷாரோ என்ற வண்டியைக் கொண்டுவந்தது. சிக்கனமானதுதான், ஆனால் மலையேற்றத்தில் திணறியது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. 1987-இல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995-இல் தேசிய வேகவரம்பே நீக்கப்பட்டது. பெரிய வண்டிகள் திரும்பி வந்தன.

அவற்றின் எஞ்சின்கள் நன்றாகவே முன்னேறின. ஃபோர்டின் 7.5 லிட்டர் வி-8 எஞ்சினுக்கு 1980களின் இறுதியில் மின்னணு எரிபொருள் பீய்ச்சி வந்தது. 1990களின் இறுதியில் 6.8 லிட்டர் வி-10, 2020-இல் 7.3 லிட்டர் வி-8. ரேடியல் டயர்கள் உருளல் தடைக் குணகத்தை ஏறத்தாழப் பாதியாக்கின. ஆனால் உடலின் அகலம் 96 அங்குலத்திலிருந்து 102 அங்குலமாயிற்று. நிறுத்திய இடத்தில் அறையின் சுவரையே வெளியே தள்ளி இடத்தைப் பெருக்கும் ஏற்பாடு 1990 முதல் பரவியது. அதன் மோட்டார்களும் தண்டவாளங்களும் எடையைக் கூட்டின. பத்து டன் எடையுள்ள பெட்ரோல் மோட்டார் ஹோம் இன்று அரிதன்று.

கணக்கில் இடுங்கள். குணகம் பாதி, எடை இரு மடங்கு: உருளல் தடை பழைய 800 நியூட்டனிலேயே நிற்கிறது. முன்பரப்பு 7.5 சதுர மீட்டர், இழுவைக் குணகம் 0.6 என்றால், மணிக்கு 60 மைல் வேகத்தில் காற்றின் தடை 1,900 நியூட்டன். பயனுறுதிறன் 20-இலிருந்து 25 சதவீதமாக உயர்ந்ததாகவே கொண்டாலும் விடை லிட்டருக்கு 2.9 கிலோமீட்டர். 1973-இல் கண்ட அதே எண். ஐம்பது ஆண்டு முன்னேற்றம் வீணாகிவிடவில்லை. அது அறையாகவும் அகலமாகவும் வேகமாகவும் செலவழிக்கப்பட்டது.

சட்டமும் இவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. 1975 டிசம்பரில் வந்த எரிசக்திச் சட்டம், கார்கள் 1978-இல் சராசரியாகக் கேலனுக்கு 18 மைலும் 1985-இல் 27.5 மைலும் தர வேண்டும் என்றது. கனத்த மோட்டார் ஹோம்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றன. புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒட்டப்படும் அரசு மைலேஜ் சீட்டு பெரிய மோட்டார் ஹோமில் இருக்காது. தொட்டியை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் உரிமையாளர் தம் வண்டியின் எண்ணை அறிய வேண்டும்.

அந்த எண்ணைச் சொல்லும் முறையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. ஒருவர் தம் மோட்டார் ஹோமை லிட்டருக்கு 3 கிலோமீட்டரிலிருந்து 4-க்கு உயர்த்துகிறார். இன்னொருவர் தம் காரை 15-இலிருந்து 20-க்கு உயர்த்துகிறார். யார் அதிகம் மிச்சம் பிடித்தார்? பலர் காரைத்தான் சொல்வர். 10,000 கிலோமீட்டருக்குக் கணக்கிடுவோம். கார் 667 லிட்டரிலிருந்து 500 லிட்டருக்கு வருகிறது, மிச்சம் 167. மோட்டார் ஹோம் 3,333 லிட்டரிலிருந்து 2,500-க்கு வருகிறது, மிச்சம் 833. ஐந்து மடங்கு! லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தலைகீழ்ப் பின்னம். கீழ்முனையில் ஒரு சிறு படிகூடப் பெரிய மிச்சம். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தை விளக்கினர். 2013 மாடல் முதல் அமெரிக்கக் கார்ச் சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சிடப்படுகிறது. ஐரோப்பியர் நெடுங்காலமாக 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே சொல்லி வருகின்றனர். “ஏழு மைலுக்குப் பதில் ஒன்பது மைல், இதில் என்ன பெரிதாக இருக்கிறது?” என்று கேட்பவர், 10,000 மைலுக்கு 318 கேலனைத் தட்டிக் கழிக்கிறார்.

ஜி.எம்.சி. செய்த 13,000 வண்டிகளில் பல இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கென்று உரிமையாளர் சங்கங்களும், உதிரிப்பாகம் செய்து விற்கும் சிறு பட்டறைகளும் உண்டு. சிலர் பழைய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மின்னணு எரிபொருள் பீய்ச்சியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொட்டியை நிரப்பி ஓட்டிப் பார்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேலனுக்கு 8 முதல் 10 மைல்: 1973 மாடலாக வந்த வண்டி, இன்றைய புதிய பெட்டிக்குச் சமமாகவோ சற்று முன்னாலோ போய்க்கொண்டிருக்கிறது.